விளையாட்டுச் சாமானில் பிறந்த கணித யந்திரம்: பேராசிரியர் ஹார்ட்ரீயின் வாழ்க்கை

மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் சிலர் பார்த்திருப்பீர்கள். துளை போட்ட இரும்புப் பட்டைகள், பல் சக்கரங்கள், அச்சுகள், திருகாணிகள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும். அவற்றை மாட்டி முடுக்கிப் பிள்ளைகள் பாலம் கட்டுவார்கள். ரெயில் வண்டி செய்வார்கள்.

அந்தச் சாமான்களை வைத்து ஒரு பெரிய மனிதர் யந்திரம் ஒன்று செய்தார். பார்ப்பதற்கு அது விளையாட்டுப் பொருள்தான். ஆனால், அது போட்டது அணுவுக்குள் இருக்கும் கணக்கு! செய்தவரோ ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர்.

அவர் பெயர் டக்ளஸ் ரேனர் ஹார்ட்ரீ. இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்தவர். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அவர் பெயரை உச்சரிக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

கேம்பிரிட்ஜ் குடும்பம்

ஹார்ட்ரீ 1897-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தகப்பனார் வில்லியம் ஹார்ட்ரீ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்தவர். தாயார் ஈவா, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர். 1924-ல் அவர் கேம்பிரிட்ஜ் நகரின் மேயர் ஆனார். அந்த நகருக்குக் கிடைத்த முதல் பெண் மேயர் அவர்தான். முயற்சியின் பெருமையைச் சொல்லும் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ், ஹார்ட்ரீக்குக் கொள்ளுப் பாட்டனார்.

வசதியான குடும்பம்தான். ஆனால், அந்த வீட்டில் துயரம் அடிக்கடி புகுந்தது. உடன்பிறந்த ஒரு தம்பியும் ஒரு தங்கையும் கைக்குழந்தையாகவே இறந்தார்கள். ஹார்ட்ரீக்கு 17 வயதானபோது, 7 வயதுத் தம்பி ஜான் இறந்தான். 1920-ல் இன்னொரு தம்பி காலின், மூளைக் காய்ச்சலால் 22 வயதில் காலமானார். பெற்றோருக்கு மிஞ்சியவர் டக்ளஸ் ஒருவரே.

தந்தையும் மகனும் பின்னாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதைப் படிக்கும்போது இந்தத் துயரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லும் மாங்காயும்

ஹார்ட்ரீ கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்தது. படிப்பு நின்றது. எதிரி விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்குக் கணக்குப் போட ஏ. வி. ஹில் என்ற விஞ்ஞானி ஒரு குழு அமைத்திருந்தார். அதில் ஹார்ட்ரீ சேர்ந்தார். தகப்பனாரும் அதே குழுவில் சேர்ந்தார்.

அங்கே அவர்கள் போட்ட கணக்கு எப்படிப்பட்டது?

மரத்தில் மாங்காய் தொங்குகிறது. ஒரு சிறுவன் கல் எறிகிறான். முதல் கல் கீழே போய்விடுகிறது. அடுத்த முறை கையைச் சற்று உயர்த்தி எறிகிறான். கல் மேலே பறந்துவிடுகிறது. மூன்றாவது முறை இரண்டுக்கும் நடுவில் குறி வைக்கிறான். மாங்காய் விழுகிறது.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கல் கிளம்பும் இடம் தெரியும். அது போய்ச் சேர வேண்டிய இடமும் தெரியும். நடுவில் கல் எப்படிப் போகும் என்ற விதியும் உண்டு. தெரியாதது ஒன்றே ஒன்று. எந்தச் சாய்வில் எறிய வேண்டும் என்பதுதான் அது.

நொடிக்கு நொடி ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று சொல்லும் விதியைக் கணித நூல்கள் 'வகைக்கெழுச் சமன்பாடு' என்கின்றன. இந்த முனையில் இப்படி இருக்க வேண்டும், அந்த முனையில் அப்படி இருக்க வேண்டும் என்று போடும் கட்டளைகளுக்கு 'எல்லை நிபந்தனைகள்' என்று பெயர்.

சில சமன்பாடுகளுக்குச் சூத்திரம் உண்டு. போட்டால் விடை வந்துவிடும். ஆனால், பீரங்கிக் குண்டுக்குச் சூத்திரம் எளிதில் அகப்படாது. காற்று அதைத் தடுக்கிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது! இப்படி நேர்விகிதத்தில் அடங்காமல் போகும் கணக்குகளுக்கு 'நேரியல் அல்லாதவை' என்று பெயர். அவை பொல்லாத கணக்குகள்.

அவற்றுக்கு வழி, அடிமேல் அடி வைப்பதுதான். குண்டு இப்போது இங்கே இருக்கிறது, இந்த வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு நொடிக்குப் பின் எங்கே இருக்கும்? அதற்கு அடுத்த நொடியில்? இப்படி எண்களைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். வழியில் ஓர் எண் தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறிவிடும். காகிதமும் பென்சிலும் பொறுமையும் வேண்டும்.

இருபது வயது இளைஞரான ஹார்ட்ரீக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. வாழ்நாள் முழுவதும் அவர் இதை விடவில்லை.

கோழி முந்தியா, முட்டை முந்தியா?

போர் முடிந்தது. ஹார்ட்ரீ மறுபடியும் படிக்கப் போனார். 1922-ல் பட்டம் பெற்றார். முதல் வகுப்பில் அல்ல, இரண்டாம் வகுப்பில்தான்! ஆனால், அவர் சோர்ந்துவிடவில்லை. டென்மார்க் நாட்டு மேதை நீல்ஸ் போர், கேம்பிரிட்ஜ் வந்து அணுவைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருந்தார். அணுவின் மீது மனம் போயிற்று. 1923-ல் எலெய்ன் என்ற பெண்மணியை மணந்தார். 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே 1926-ல் ஷ்ரோடிங்கர் என்ற விஞ்ஞானி ஒரு புதிய சமன்பாட்டை வெளியிட்டார். அணுவின் நடுவில் உட்கரு இருக்கிறது. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை எங்கே எவ்வளவு பரவியிருக்கும் என்பதை அந்தச் சமன்பாடு சொன்னது. ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரே எலெக்ட்ரான். அதற்கு விடை அழகாக வந்துவிட்டது.

இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளுகிறது. முதல் எலெக்ட்ரானின் நிலை மற்ற 25-ஐப் பொறுத்தது. மற்ற 25-ன் நிலையோ முதல் எலெக்ட்ரானையும் பொறுத்தது. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்!

ஹார்ட்ரீ என்ன செய்தார் தெரியுமா? மாங்காய்க்குக் கல் எறிந்த சிறுவனைப் போலவே செய்தார். அணுவுக்குள் இருக்கும் மின்விசை இப்படித்தான் இருக்கும் என்று முதலில் ஓர் ஊகம் செய்துகொண்டார். அந்த விசையில் ஒவ்வோர் எலெக்ட்ரானும் எப்படிப் பரவும் என்று கணக்கிட்டார். அப்படிப் பரவிய எலெக்ட்ரான்கள் என்ன விசையை உண்டாக்கும் என்று திரும்பக் கணக்கிட்டார். முதலில் ஊகித்த விசையும் இப்போது வந்த விசையும் ஒன்றாக இருக்காது. ஊகத்தைத் திருத்துவார். மறுபடியும் போடுவார். போட்ட விசையும் வந்த விசையும் ஒன்றாகும் வரை விடமாட்டார்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எல்லைகளைக் கவனிக்க வேண்டும். உட்கருவின் அருகில் விடை ஒழுங்காக இருக்க வேண்டும். வெகு தூரத்தில் தேய்ந்து மறைய வேண்டும். மலையைக் குடைந்து பாதை போடுகிறவர்கள் இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வந்து நடுவில் சந்திப்பார்கள். ஹார்ட்ரீயும் உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் கணக்கிட்டு வந்து நடுவில் பொருத்தினார். பொருந்தவில்லையானால், எலெக்ட்ரானுக்கு வைத்த சக்தி தவறு. அதை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டும்.

1928-ல் இந்த முறையை வெளியிட்டார். 1930-ல் ரஷிய விஞ்ஞானி ஃபாக் அதில் ஒரு முக்கியத் திருத்தம் செய்தார். அதனால் இன்று அது 'ஹார்ட்ரீ-ஃபாக் முறை' என்று அழைக்கப்படுகிறது.

தகப்பனார் போட்ட கணக்கு

ஓர் அணுவுக்கே இப்படிக் கணக்குப் போட்டு முடிக்க நெடுநாள் ஆகும். யார் போடுவது?

தகப்பனார் முன்வந்தார். வில்லியம் ஹார்ட்ரீ பல்கலைக்கழக வேலையிலிருந்து 1913-லேயே விலகிவிட்டவர். கையால் சுற்றும் சிறிய கணக்கு யந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மகன் வகுத்த முறைப்படி அணு அணுவாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மறுபடி ஒரு சுற்று என்று எண்கள் நிறைந்த தாள்கள் சேர்ந்தன.

1930-க்குப் பின் வந்த பல ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இரண்டு பெயர்கள் சேர்ந்து அச்சாகியிருக்கின்றன. ஒன்று டக்ளஸ் ஹார்ட்ரீ. மற்றொன்று வில்லியம் ஹார்ட்ரீ. பிள்ளைக்குத் தகப்பனார் கணக்குச் சொல்லிக் கொடுப்பது உலக வழக்கம். இங்கே அறுபது வயதைத் தாண்டிய தகப்பனார், பிள்ளையின் கணக்கைப் போட்டார்!

இருபது பவுன் யந்திரம்

1929-ல் ஹார்ட்ரீ மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அமெரிக்காவில் வானிவர் புஷ் என்பவர், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தானே போடும் யந்திரம் ஒன்றைச் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார். 1933-ல் கப்பல் ஏறிப் போய் அதைப் பார்த்தார்.

அந்த யந்திரத்தின் ரகசியம் மிக எளியது. குடை ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை வேகமாகச் சுற்றும். நடுவில் இருப்பவன் மெதுவாகச் சுற்றுவான். அதைப் போல, சுழலும் தட்டின்மேல் ஒரு சின்னச் சக்கரத்தை நிறுத்தினால், அது தட்டின் நடுவில் சுழலாது. ஓரத்துக்குப் போகப் போக வேகமாகச் சுழலும். மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவுக்கு ஏற்றபடி சக்கரத்தை நகர்த்திக்கொண்டே இருந்தால், அது சுற்றிய மொத்தச் சுற்றுகள் அந்த அளவின் கூட்டுத்தொகையைக் காட்டும். இப்படிப் பல தட்டுகளை அச்சுகளால் இணைத்தால், ஒன்றன் விடை மற்றொன்றுக்குப் போகும். கடைசியில் ஒரு பேனா காகிதத்தில் விடையைக் கோடாக வரைந்துவிடும்.

புஷ் செய்த யந்திரம் பெரியது, விலை அதிகம். ஹார்ட்ரீ ஊர் திரும்பியதும் யோசித்தார். இதன் உள்ளே இருப்பவை அச்சும் பல் சக்கரமும்தானே? மெக்கானோப் பெட்டியிலும் அவைதானே இருக்கின்றன?

ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரைச் சேர்த்துக்கொண்டு 1934-ல் யந்திரத்தைச் செய்து முடித்தார். செலவு சுமார் 20 பவுன். அன்றைய மாற்று விகிதப்படி 267 ரூபாய்! விடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான் பிசகு இருந்தது. அணுக் கணக்கு ஒன்றையே அதில் போட்டுப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் வியந்தார்கள். ராபர்ட் மக்டூகல் என்ற கொடையாளர் பணம் தந்தார். மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் என்ற கம்பெனி பெரிய யந்திரத்தைக் கட்டிக் கொடுத்தது. 1935-ல் அது மான்செஸ்டரில் ஓடத் தொடங்கியது. விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டியிராவிட்டால் பெரிய யந்திரத்துக்கு அவ்வளவு விரைவில் வழி பிறந்திருக்காது.

ஹார்ட்ரீக்கு ரெயில் என்றால் உயிர். ரெயில் வண்டி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக்கூட அந்த யந்திரத்தில் போட்டுப் பார்த்துக் கட்டுரை எழுதினார்!

இறக்கையை ஒட்டிய காற்று

1937-ல் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு, விமானத்தைப் பற்றியது.

விமானத்தின் இறக்கைமேல் காற்று ஓடுகிறது. இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இறக்கையைப் பொறுத்தவரை அங்கே வேகம் பூஜ்யம். சற்று மேலே போனால் காற்று முழு வேகத்தில் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்குள் வேகம் எப்படி ஏறுகிறது? இறக்கையைக் காற்று எவ்வளவு இழுக்கிறது என்பதும், விமானம் நிலையாகப் பறக்குமா என்பதும் இதைப் பொறுத்தவை.

ஃபால்க்னர் என்பவரும், சில்வியா ஸ்கான் என்ற பெண்மணியும் 1931-ல் இதற்கு ஒரு சமன்பாடு எழுதியிருந்தார்கள். அது நேரியல் அல்லாதது. ஒரு நிபந்தனை இறக்கையிலே. மற்றொரு நிபந்தனை தொலைவிலே.

மறுபடியும் மாங்காய்க் கதைதான். இறக்கையிலிருந்து கிளம்பும்போது வேகம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று ஓர் எண்ணை ஊகிக்க வேண்டும். யந்திரத்தை ஓட்ட வேண்டும். கோடு முழு வேகத்தைத் தாண்டிப் போனால் எண் அதிகம். எட்டாமல் நின்றால் எண் குறைவு. திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். தட்டையான பலகைக்கு அந்த எண் 0.4696 என்று வரும்.

காற்று எதிர்ப்பைச் சந்தித்து வேகம் குறையும் இடங்களில் இந்த எண் சிறுத்துக்கொண்டே போகும். ஓர் எல்லையில் பூஜ்யமாகிவிடும். அதற்குமேல் காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். இறக்கையில் அப்படிப் பெருமளவு நேர்ந்தால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசை குறைந்து ஆபத்தாகும். அந்தச் சமன்பாட்டில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஹார்ட்ரீ கணக்கிட்டுக் காட்டினார்.

இதில் இன்னொரு பொறியும் இருந்தது. எதிர்ப்பு உள்ள இடங்களில் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் விடைகள் ஒன்றல்ல, பல! எதை எடுத்துக்கொள்வது? முழு வேகத்தைத் தாண்டாமல், மிக விரைவாக அதை எட்டும் விடையையே ஹார்ட்ரீ எடுத்துக்கொண்டார். யந்திரம் விடை தரும். எது சரியான விடை என்பதை மனிதன்தான் அறிய வேண்டும்.

மீண்டும் போர்

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மான்செஸ்டர் யந்திரம் நாட்டின் வேலைக்குப் போயிற்று. ராடார் கருவிக்கு உயிர் போன்ற மாக்னெட்ரான் என்ற குழாயில் எலெக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று ஹார்ட்ரீ கணக்கிட்டார். அணுவுக்குச் செய்த அதே ஊகமும் திருத்தமும் இங்கேயும் கைகொடுத்தன.

1943-ல் தகப்பனார் வில்லியம் காலமானார். போர்க்களக் கணக்கில் தொடங்கி அணுக் கணக்கு வரை உடன் வந்த துணை அன்றோடு போயிற்று.

1946-ல் ஹார்ட்ரீ அமெரிக்கா சென்றார். அங்கே 'எனியாக்' என்ற மின்னணு யந்திரம் புதிதாகத் தயாராகியிருந்தது. சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை! ஒரு நொடியில் 5,000 கூட்டல் கணக்குப் போடும்.

அதில் ஹார்ட்ரீ எதைப் போட்டார்? விமானத்தை ஒட்டிய காற்றின் கணக்கைத்தான். ஆனால், இம்முறை காற்று அழுந்திச் சூடாகும் அளவுக்கு அதிவேகமான விமானம். கணக்கு முன்னதைவிடக் கடினம். யந்திரத்தைக் கணக்குக்குத் தயார் செய்வதில் காத்லீன் மெக்னல்ட்டி என்ற பெண்மணி அவருக்குத் துணை செய்தார். கையால் போட்டால் பல நாள் ஆகும் வேலையை எனியாக் விரைவில் முடித்தது. முறை மட்டும் பழையதுதான்: ஊகி, போட்டுப் பார், திருத்து.

கடைசி நாட்கள்

1946-ல் ஹார்ட்ரீ பிறந்த ஊரான கேம்பிரிட்ஜுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே மாரிஸ் வில்க்ஸ் கட்டிய 'எட்சாக்' என்ற மின்னணு யந்திரம் 1949-ல் வேலை செய்யத் தொடங்கியது. இத்தகைய யந்திரங்களால் என்னென்ன செய்யலாம் என்று ஹார்ட்ரீ ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். எண்களால் கணக்குகளைத் தீர்க்கும் முறைகளைத் தொகுத்து 1952-ல் ஒரு பாடநூல் வெளியிட்டார்.

1958 பிப்ரவரி 12-ந் தேதி, கேம்பிரிட்ஜில் மாரடைப்பால் காலமானார். வயது 60.

அணுவுலகில் சக்தியை அளக்கும் ஓர் அளவுக்கு இன்று 'ஹார்ட்ரீ' என்று பெயர். புதிய மருந்துகளையும் புதிய பொருள்களையும் ஆராய்கிறவர்கள், அவற்றின் மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும்போது அவர் தொடங்கிய முறையின் வழிவந்த முறைகளையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். மெக்கானோவில் செய்த முதல் யந்திரத்தின் ஒரு பகுதி, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் தேறியவர், விளையாட்டுச் சாமானில் யந்திரம் செய்தவர், தகப்பனாரைத் தோழராகப் பெற்றவர் ஹார்ட்ரீ. முதல் ஊகம் தவறாக இருந்ததற்காக அவர் ஒரு நாளும் கணக்கை மூடி வைக்கவில்லை. எவ்வளவு தவறு என்று அளந்தார், அந்த அளவுக்குத் திருத்தினார், மறுபடியும் போட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கில் தவறு செய்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தவறியது என்று சேர்ந்து பாருங்கள். வில்லியம் ஹார்ட்ரீயும் மகனும் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்தார்கள்.